போலீசை விசாரிக்க யாருக்கு யோக்கியதை?

2013-ம் வருஷத்தில் தமிழ்நாடு சட்டசபையில் போலீஸ் சீர்திருத்தச் சட்டம் என்று ஒரு சட்டம் நிறைவேறிற்று. போலீசார் மீது பொது ஜனங்கள் கொண்டுவரும் பிராதுகளை விசாரிப்பதற்கென்று மாநிலத்திற்கு ஒரு போர்டும், ஜில்லாவுக்கு ஒரு போர்டும் ஏற்படுத்த வேண்டுமென்று அச்சட்டம் சொல்லிற்று. இதுவரையில் கேட்கிறவர்களுக்கு, ஏழைக்கும் ஒரு காலம் வந்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் அந்தப் போர்டுகளில் உட்காருவதற்கு யோக்கியதை உடையவர்கள் என்று அச்சட்டம் யார் யாரைக் குறித்தது என்று பார்த்தால், அந்தச் சந்தோஷம் அரை நிமிஷத்திற்குக்கூட நில்லாது.

மாநில போர்டுக்குத் தலைவர் சர்க்காரின் உள்துறைக் காரியதரிசி. அங்கத்தினர்கள் போலீஸ் டைரக்டர் ஜெனரலும், சட்டம் ஒழுங்கு பார்க்கும் அடிஷனல் டைரக்டர் ஜெனரலும். ஜில்லா போர்டுக்குத் தலைவர் கலெக்டர். அங்கத்தினர்கள் ஜில்லா போலீஸ் சூப்பரிண்டெண்டும், அடிஷனல் சூப்பரிண்டெண்டும். சட்டம் பிறந்து ஆறு வருஷம் கழித்து, 2019-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் சர்க்கார் உத்தரவு போட்டு போர்டை அமைத்தபோதும், உள்துறைக் காரியதரிசியே தலைவராக வைக்கப்பட்டார். அதாவது, போலீஸ் இலாகாவை ஆளுகிற காரியதரிசியும், அந்த இலாகாவின் தலைமை அதிகாரியும், அவருக்கு அடுத்த படியில் நிற்கும் அதிகாரியும் ஒன்றுகூடி, "நம்முடைய இலாகா தவறு செய்ததா?" என்று தங்களையே கேட்டு, தங்களுக்கே பதில் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் தாத்பரியம்.

இம்மாதிரியான ஏற்பாட்டை ஒரு பட்டிக்காட்டுப் பஞ்சாயத்தில் செய்து பார்க்கட்டும். வாய்க்கால் மடையை உடைத்துத் தண்ணீர் திருப்பினவன் மீது பிராது வந்தால், உடைத்தவனுடைய தமையனையும், பங்காளியையும், அவன் பண்ணையில் கணக்கு எழுதுகிறவனையும் பஞ்சாயத்தாராக உட்கார வைத்தால், அங்கே வேடிக்கை பார்க்கிற சிறு பிள்ளையும் கை கொட்டிச் சிரிக்காதா? பட்டிக்காட்டில் சிரிப்புக்கு இடமான காரியம், கோட்டையில் அச்சடித்துச் சட்டம் என்று பெயர் வைத்தவுடன் நியாயமாகிவிடுமா என்று கேட்கிறோம்.

இந்த அதிகாரிகள் எல்லோரும் அயோக்கியர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர்களில் நேர்மையானவர்கள் இருக்கலாம், இருக்கவும் இருக்கிறார்கள். நாம் சொல்லுவது மனித சுபாவத்தைப் பற்றியாகும். ஒரு சூப்பரிண்டெண்டு, தமக்குக் கீழ்ப்பட்ட சப் இன்ஸ்பெக்டர் லாக்கப்பில் ஒருவனை அடித்தது வாஸ்தவம் என்று தீர்ப்புச் சொல்லுவாரேயானால், தம்முடைய மேல்பார்வை கெட்டுக் கிடந்தது என்று தமக்கே தீர்ப்புச் சொல்லிக்கொண்டவராவார். சட்டசபையில் போலீசுக்காகப் பதில் எழுதிக் கொடுக்க வேண்டிய காரியதரிசி, அதே போலீசுக்கு விரோதமாகத் தீர்ப்பு எழுதுவாரேயானால், தாம் காலையில் எழுதினதைத் தாமே மாலையில் அடித்தவராவார். இப்படிப்பட்ட தர்மசங்கடத்தில் ஒரு மனிதனை உட்கார வைத்துவிட்டு, அவனிடம் நியாயம் எதிர்பார்ப்பது அவனுக்கும் கொடுமை, பிராது கொடுத்தவனுக்கும் கொடுமை.

இதில் நம்முடைய சொந்த அபிப்பிராயம் ஒன்றும் புதிதல்ல. 2006-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 22-ந் தேதி, பிரகாஷ் சிங் என்கிற ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கட்டளை இட்டது. டிப்டி சூப்பரிண்டெண்டு வரையில் உள்ளவர்கள் மீது வரும் பிராதுகளுக்கு ஜில்லா போர்டு. சூப்பரிண்டெண்டும் அதற்கு மேற்பட்டவர்களுமானால் மாநில போர்டு. ஜில்லா போர்டுக்கு ஓய்வு பெற்ற ஜில்லா ஜட்ஜும், மாநில போர்டுக்கு ஹைக்கோர்ட்டிலோ சுப்ரீம் கோர்ட்டிலோ இருந்து ஓய்வு பெற்ற ஜட்ஜும் தலைமை வகிக்கலாம். அந்த ஜட்ஜையும் சர்க்கார் தன் இஷ்டப்படி பொறுக்கிவிடக் கூடாது. ஹைக்கோர்ட்டுத் தரப்பிலிருந்து வரும் பெயர்ப் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். மற்ற அங்கத்தினர்கள் மூன்று முதல் ஐந்து பேர். மனித உரிமைக் கமிஷனோ, லோக் ஆயுக்தாவோ, சர்வீஸ் கமிஷனோ தயாரிக்கும் பட்டியலிலிருந்து அவர்கள் வரவேண்டும். அவர்கள் முழு நேரமும் இதே வேலையாக இருக்க வேண்டும். போர்டு செய்யும் சிபார்சு சம்பந்தப்பட்ட அதிகாரியைக் கட்டுப்படுத்த வேண்டும். இவ்வளவும் அக்கட்டளையில் கண்டவை.

இக்கட்டளையையும் 2013-ம் வருஷத்துச் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜட்ஜு இருக்க வேண்டிய நாற்காலியில் காரியதரிசி. பொதுமக்கள் இருக்க வேண்டிய நாற்காலியில் போலீஸ் அதிகாரி. பெயர் மாத்திரம் பிராது போர்டு. கருப்பட்டி கேட்டவனுக்குக் களிமண்ணை ஓலையில் பொதிந்து கொடுத்த கதையாக முடிந்தது.

நிற்க, கலெக்டரை ஜில்லா போர்டுக்குத் தலைவராக வைத்ததில் என்ன தப்பு, அவர் போலீசல்லவே என்று சிலர் கேட்கலாம். அவர்கள் நம்முடைய நாட்டுச் சரித்திரத்தைச் சிறிது புரட்டிப் பார்க்க வேண்டும். கும்பினியார் காலத்தில், 1816-ம் வருஷத்து ஏற்பாட்டின்படி, சென்னை ராஜதானியில் கலெக்டரே மாஜிஸ்டிரேட்டு. அவருக்குக் கீழே தாசில்தாரே போலீசுத் தலைவர். வரி வசூலிக்கிறவரும் அவரே, திருடனைப் பிடிக்கிறவரும் அவரே. வரி பாக்கிக்காகக் குடியானவனை வெயிலில் நிறுத்துவதும், குனிய வைத்துக் கயிற்றால் கட்டுவதும், கிட்டி போட்டு விரலை நெரிப்பதும் அன்றாட வழக்கமாயின. தாசில் சேவகன் செய்த கொடுமையைத் தாசில்தாரிடமும், அவருக்கு மேற்பட்ட கலெக்டரிடமுமே போய்ச் சொல்லிக்கொள்ள வேண்டும். லண்டன் பார்லிமெண்டு வரையில் பேச்சு எட்டி, கமிஷன் போட்டு விசாரித்து, 1855-ம் வருஷத்தில் அந்தக் கமிஷன், சித்திரவதை நடந்தது உண்மை என்றும், குடிகளுக்குப் பரிகாரம் தேட வழியில்லாமலிருந்தது என்றும் அறிக்கை வெளியிட்டது. அதன் பிறகுதான் 1859-ம் வருஷத்துச் சட்டத்தால் போலீஸ் ஒரு தனி இலாகாவாயிற்று. அடிக்கிற கையையும் விசாரிக்கிற கையையும் ஒரே உடம்பில் வைக்கக் கூடாது என்று 1855-ல் வெள்ளைக்காரனுக்கே தெரியவந்த பாடம், நூற்றைம்பது வருஷத்திற்குப் பிறகு நம்மவர்களுக்கு மறந்து போயிற்று. கலெக்டர் இன்றும் ஜில்லாவில் சர்க்காரின் கை. ஜில்லாவின் அமைதிக்குச் சூப்பரிண்டெண்டோடு சேர்ந்து பொறுப்பாளி. தினமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஆலோசனை செய்கிற இருவரில் ஒருவரை மற்றவருக்கு நியாயாதிபதியாக்குவது நியாயமாகாது.

இது வெறும் காகிதச் சண்டை என்று யாரும் எண்ண வேண்டாம். 2019 நவம்பரில் போர்டு அமைத்தாயிற்று. 2020-ம் வருஷம் ஜூன் மாதம் 19-ந் தேதி சாத்தான்குளத்தில் கடை வைத்திருந்த தந்தையும் மகனும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மகன் 22-ந் தேதியும், தந்தை 23-ந் தேதியும் உயிரிழந்தார்கள். அந்த விஷயத்தில் வெளிச்சம் வந்தது எப்படி? ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளை தானாகவே விசாரணைக்கு எடுத்து, மாஜிஸ்டிரேட்டை ஸ்டேஷனுக்கு அனுப்பி, அங்கே அவருக்கு ஒத்துழைப்பு இல்லை என்று தெரிந்து, ஸ்டேஷனையே ரெவின்யூ அதிகாரிகள் வசத்தில் ஒப்புவிக்கச் சொல்லி, பிறகு வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனதால் வந்தது. 2025-ம் வருஷம் ஜூன் மாதத்தில் திருப்புவனத்தில் நகை காணோம் என்ற பிராதின் மேல் போலீசார் பிடித்துப்போன ஒரு கோயில் காவலாளி உயிரிழந்தபோதும் ஹைக்கோர்ட்டுதான் குறுக்கிட வேண்டியிருந்தது, வழக்கு சி.பி.ஐ.க்குத்தான் போயிற்று. ஒவ்வொரு ஊரிலும் பிணம் விழுந்து, பத்திரிகைகள் கூச்சல் போட்டு, ஹைக்கோர்ட்டு கண் திறந்தால்தான் நியாயம் என்றால், பிணமாகாமல் கை ஒடிந்தவனுக்கும், பல் உதிர்ந்தவனுக்கும், இரவெல்லாம் ஸ்டேஷனில் நிறுத்தப்பட்ட பெண்ணுக்கும் கதி என்ன? அவர்களுக்காகவே ஏற்பட வேண்டிய போர்டில் நம்பத் தகுந்தவர்கள் உட்கார்ந்திருந்தால் அல்லவா அவர்கள் படியேறுவார்கள்?

இனி இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபணைகளைக் கவனிப்போம். "போலீசு வேலையின் கஷ்டம் வெளியாருக்கு என்ன தெரியும்?" என்பது முதல் ஆட்சேபணை. சமைக்கத் தெரியாதவன் குழம்பில் உப்பில்லை என்று சொல்லக் கூடாதா? லத்தியை எப்படிப் பிடிப்பது என்பது போலீசுக்காரருக்குத் தெரியலாம். அது விழுந்தால் எப்படி இருக்கும் என்பது முதுகுக்காரனுக்குத்தான் தெரியும். "போலீசாருடைய உற்சாகம் குன்றிவிடும்" என்பது இரண்டாவது ஆட்சேபணை. அடிக்காத போலீசுக்காரருக்கு விசாரணையினால் என்ன நஷ்டம்? கெட்டவனோடு சேர்த்துத் தானும் பழி சுமக்கிற நிலைமையிலிருந்து அவர் விடுதலையே அடைவார். "பொய்ப் பிராதுகள் குவியும்" என்பது மூன்றாவது. பொய்ப் பிராது கோர்ட்டிலும்தான் வருகிறது; அதற்காக ஜட்ஜுகளை எடுத்துவிட்டுப் பிரதிவாதிகளை ஆசனத்தில் உட்கார வைத்துவிட்டோமா?

இந்தத் தகராறு நம் நாட்டில் மாத்திரம் உள்ளதல்ல. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் 1953-ல் இம்மாதிரி ஒரு போர்டு ஏற்பட்டபோது அதில் இருந்தவர்கள் போலீஸ் இலாகாவின் டிப்டி கமிஷனர்களே. 1966-ல் மேயர் லிண்ட்ஸே என்பவர் அதில் வெளியார் நான்கு பேரைச் சேர்த்தார். அவ்வளவுதான், போலீசார் சங்கம் கிளம்பிப் பெரும் பிரசாரம் செய்து, அவ்வருஷம் நவம்பரில் ஜனங்களுடைய ஓட்டுக்கே விட்டு, வெளியாரை வெளியேற்றிவிட்டது. போலீசல்லாதார் போர்டு அங்கே வருவதற்கு 1993 வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்நகரத்து விதியில் எழுதியிருப்பது என்னவென்றால், அங்கத்தினர் அந்த ஊரில் குடியிருப்பவராயிருக்க வேண்டும். வேறு சர்க்கார் உத்தியோகம் வகிக்கக் கூடாது. போலீஸ் கமிஷனர் குறிப்பிடும் மூன்று பேர் தவிர மற்ற எவருக்கும் போலீசு வேலையில் இருந்த சம்பந்தமே கூடாது என்பதாகும். ஆனால் தண்டனை கொடுக்கும் கடைசி அதிகாரம் போலீஸ் கமிஷனரிடமே விடப்பட்டது அங்குள்ள பெருங்குறை.

இங்கிலாந்தில் 2002-ம் வருஷத்துச் சட்டப்படி 2004-ல் வேலை தொடங்கிய பிராது கமிஷனில், ஒரு காலத்தில் போலீசுக்காரராயிருந்தவர் எவரும் அங்கத்தினராக முடியாது என்று விதி செய்தார்கள். மேலே நாற்காலியில் விதி சரியாயிருந்தது. ஆனால் கீழே விசாரணை செய்யும் சிப்பந்திகளில் முன்னாள் போலீசார் நிறைய இருந்தார்கள் என்று அங்கே பலத்த கண்டனம் எழுந்தது. ஆகவே வாசலைக் காத்துவிட்டுப் புழக்கடையைத் திறந்து வைப்பதும் உதவாது என்று தெரிகிறது.

நம் நாட்டிலேயே 2006-ம் வருஷத்தில் சோலி சொராப்ஜி தலைமையில் ஒரு கமிட்டி மாதிரிப் போலீஸ் சட்டம் ஒன்று எழுதிக் கொடுத்தது. அதில் மாநிலக் கமிஷனுக்கு ஐந்து பேர். அவர்களில் ஒருவருக்கு மேல் போலீஸ்காரர் கூடாது, அவரும் வேறு மாநிலத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவராயிருக்க வேண்டும். ஒருவராவது பெண்ணாயிருக்க வேண்டும். சர்க்கார் உத்தியோகஸ்தர், ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதவியில் இருப்பவர், அரசியல் கட்சி அங்கத்தினர் ஆகியோர் கூடாது என்று கண்டிருக்கிறது. இவை பெரும்பாலும் நியாயமான விதிகளே. ஆனால் அதே பட்டியலில் உள்ள மற்றொரு விதியை மட்டும் நாம் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. அதாவது, சிலவகைக் கிரிமினல் குற்றங்களுக்காகத் தண்டனை அடைந்தவர்கள் மாத்திரமல்ல, கோர்ட்டில் குற்றச்சாட்டு வனையப்பட்டு வழக்கு நடந்துகொண்டிருப்பவர்களும் போர்டில் இருக்க முடியாது என்பது.

மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இதில் தப்பில்லை. திருடனும் கொலைகாரனும் நியாயம் சொல்லலாமா என்றுதான் தோன்றும். ஆனால் வழக்குப் பதிவு செய்கிறவர் யார்? போலீசார். சாட்சி திரட்டுகிறவர் யார்? போலீசார். சார்ஜ் ஷீட் எழுதுகிறவர் யார்? போலீசார். அந்தக் காகிதங்களை வைத்துக்கொண்டுதான் கோர்ட்டு குற்றச்சாட்டு வனைகிறது. ஸ்டேஷனில் அடிபட்டவன் மீதும், அவனுக்காக வாசலில் கூடிக் கேட்டவன் மீதும், "உத்தியோகஸ்தரை வேலை செய்ய விடாமல் தடுத்தான்" என்று ஒரு வழக்குப் போடுவது எவ்வளவு சுலபம் என்பது நம் வாசகர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பழைய பீனல் கோடில் அது 353-வது பிரிவு. 2024 ஜூலை முதல் அமுலுக்கு வந்த புதுச் சட்டத்தில் 132-வது பிரிவு. இரண்டிலும் இரண்டு வருஷம் வரையில் தண்டனை உண்டு. ஆகவே இந்த விதி எச்சரிக்கையில்லாமல் எழுதப்பட்டால், போலீசை விசாரிக்க யாருக்கு யோக்கியதை இல்லை என்பதைத் தீர்மானிக்கும் பேனா போலீசார் கையிலேயே போய்ச் சேருகிறது. உரிமைக்காக மறியல் செய்தவனும், கூலிக்காகச் சங்கம் வைத்தவனும், சேரிப் பாதைக்காக மனுக் கொடுத்தவனும் வெளியே. ஆயுளில் ஒருநாளும் எதையும் எதிர்த்துக் கேளாதவன் உள்ளே என்றாகும்.

மற்றொரு சூழ்ச்சி "பிரமுகர்" என்கிற வார்த்தையில் இருக்கிறது. பொது ஜனங்களில் நற்பெயர் வாய்ந்தவர் ஒருவரை நியமிக்கலாம் என்று எழுதிவிட்டால், அந்த நற்பெயரை யார் அளப்பது? நம் நாட்டில் நற்பெயர் என்பது ஜாதியாலும், பணத்தாலும், பட்டத்தாலும், அதிகாரிகளோடு காப்பி சாப்பிடும் பழக்கத்தாலும் அளக்கப்பட்டு வருவது யாருக்குத் தெரியாது? ஸ்டேஷனில் அடிபடுகிறவன் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட ஜாதியான், கூலிக்காரன், கேட்பாரற்றவன். அவன் பிராதைக் கேட்க உட்காருகிறவர்கள் எல்லோரும் ஸ்டேஷனுக்குப் போனால் நாற்காலி போட்டு உபசரிக்கப்படுகிறவர்களாகவே இருந்தால், அவன் சொல்லுவது அவர்கள் காதில் ஏறுமா? அன்றியும் சம்பளம் இல்லாத கௌரவ உத்தியோகமாக இதை வைத்தால், ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாத வீட்டுக்காரன் எப்படி வந்து உட்காருவான்? சம்பளம் இல்லை என்பதே பணக்காரனைத் தவிர மற்றவனுக்கு இடமில்லை என்று சொல்லுவதற்கு மரியாதையான பாஷையாகும்.

ஆதலால் இப்படிப்பட்ட போர்டுகளுக்கு நாம் வேண்டும் விதிகள் இவை:

1. உத்தியோகத்திலிருக்கும் போலீஸ்காரரோ, போலீஸ் இலாகாவை ஆளும் அதிகாரியோ, கலெக்டரோ போர்டில் இருக்கக் கூடாது.

2. ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி ஒருவருக்கு மேல் கூடாது. அவரும் வேறு மாநிலத்தில் வேலை பார்த்தவராயிருக்க வேண்டும். விசாரணைச் சிப்பந்திகளுக்கும் இதே கட்டுப்பாடு வேண்டும்.

3. கட்சி உத்தியோகம் வகிப்பவரும், தேர்தலில் ஜெயித்துப் பதவியில் இருப்பவரும் கூடாது. ஆனால் பொதுக் காரியத்தில் பேசினார் என்பதற்காக எவரையும் தள்ளக் கூடாது.

4. நாணயக்கேடான குற்றத்திற்குக் கோர்ட்டில் தண்டனை அடைந்தவரைத் தள்ளலாம். வழக்கு நடக்கிறது என்பதற்காக மாத்திரம் தள்ளக் கூடாது. கிளர்ச்சி சம்பந்தமான வழக்குகளை யோக்கியதைக் குறைவாகக் கணக்கிடவே கூடாது.

5. தலைவர் ஜட்ஜாயிருக்கட்டும். மற்ற அங்கத்தினர்களுக்குப் பட்டமோ, சொத்தோ வேண்டுமென்று விதிக்கக் கூடாது. நியாயமான சம்பளம் கொடுக்க வேண்டும்.

6. பெண்ணுக்கு ஒரு ஸ்தானம் என்பது போதாது. ஒடுக்கப்பட்ட வகுப்பார்க்கும் நிச்சயமான ஸ்தானம் வேண்டும்.

7. தேர்ந்தெடுக்கும் பெயர்ப் பட்டியலை முன்கூட்டிப் பிரசுரித்து, ஜனங்கள் ஆட்சேபணை சொல்லத் தவணை கொடுக்க வேண்டும். பிராதில் கண்ட போலீஸ்காரருக்கு உறவினரோ வேண்டியவரோ ஆன அங்கத்தினர் அந்த விசாரணையிலிருந்து விலகிவிட வேண்டும்.

யோக்கியதை, யோக்கியதை என்று சொல்லியே இந்நாட்டில் எத்தனையோ கதவுகள் பெரும்பான்மை மக்களுக்கு அடைக்கப்பட்டு வந்திருக்கின்றன. போலீசு விஷயத்திலோ அந்த யோக்கியதை தலைகீழாக அளக்கப்பட்டது. யார்மீது பிராது உண்டோ அவருக்கு யோக்கியதை உண்டு என்றும், யாருக்குக் குறை உண்டோ அவருக்கு யோக்கியதை இல்லை என்றும் ஆக்கப்பட்டது. சம்பளம் கொடுப்பது ஜனங்கள். லத்தி வாங்கிக் கொடுப்பது ஜனங்கள். ஸ்டேஷன் கட்டினது ஜனங்களுடைய வரிப்பணம். கணக்குக் கேட்கிற யோக்கியதை மாத்திரம் ஜனங்களுக்கு இல்லையென்றால், ஜனநாயகம் என்ற பெயர் எதற்காக?

ஆகவே வாசகர்கள் தங்கள் தங்கள் ஊரில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் மற்றக் கேள்விகளோடு இந்த ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டுமென்று தெரிவித்துக்கொள்ளுகிறோம்: "எங்கள் ஜில்லாவில் போலீசார் மீது வரும் பிராதை விசாரிக்க உட்காருகிறவர்கள் யார்? அவர்களை அங்கே உட்கார வைத்தது யார்?" இதற்கு நேரான பதில் சொல்லாதவருக்கு ஓட்டுக் கேட்கும் யோக்கியதை உண்டா என்பதை ஜனங்களே முடிவு செய்துகொள்ளட்டும்.